ரிம் மாற்றிய பிறகும் அணையாத மஞ்சள் விளக்கு: காரணங்களும் தீர்வுகளும்

டயர் கடையில் நான்கு சக்கரங்களையும் மாற்றியாகிவிட்டது. பணமும் கட்டியாகிவிட்டது. ஆனால், புக்கிட் பாஞ்சாங் வீட்டிற்குத் திரும்பும் வழியில் ஓட்டுநருக்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரிகிறது. குதிரை லாடம் போன்ற வடிவம். அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி.

டயரைத் தட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. கடைக்காரரை அழைத்தால் “இரண்டு நாள் ஓட்டுங்கள், தானாகவே அணைந்துவிடும்” என்ற பதில் கிடைக்கலாம். சில நேரம் அது உண்மை. பல நேரம் விளக்கு அணைவதே இல்லை. நாளடைவில் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டப் பழகிவிடுகிறோம்.

சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. எப்போதும் எரியும் எச்சரிக்கை விளக்கு எதையும் எச்சரிக்காது. தைப்பூசத்திற்கோ தீபாவளிக்கோ குடும்பத்துடன் மலேசியாவுக்குப் போகும் வழியில், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் உண்மையாகவே ஓர் ஆணி ஏறிக் காற்று இறங்கினாலும் அதே விளக்குதான் எரியும். வேறுபாடு தெரியாது.

டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு முறை, சுருக்கமாக ‘டிபிஎம்எஸ்’, எப்படி வேலை செய்கிறது, சக்கரம் மாற்றியபின் அது ஏன் தடுமாறுகிறது, கடைக்குத் திரும்பிச் செல்லும்முன் நாமே எதையெல்லாம் சரிபார்க்கலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எரிகிறதா, சிமிட்டுகிறதா?

முதலில் கவனிக்கவேண்டியது, காரை இயக்கியவுடன் அந்த விளக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதை.

இயக்கியதும் எல்லா விளக்குகளுடனும் சேர்ந்து எரிந்து, சில விநாடிகளில் அணைந்தால் குறையொன்றும் இல்லை. அது வழக்கமான சுய சோதனை.

அணையாமல் தொடர்ந்து ஒரே சீராக எரிந்தால், ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று பொருள்.

ஏறக்குறைய ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம்வரை சிமிட்டிவிட்டு, அதன்பின் தொடர்ந்து எரிந்தால் செய்தியே வேறு. டயரில் காற்று இருக்கிறதா இல்லையா என்பதைக் காரால் அறிய முடியவில்லை. கண்காணிப்பு முறையிலேயே கோளாறு. சக்கரம் மாற்றியபின் பெரும்பாலோர் பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். ஆனால் சிமிட்டும் நேரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, மறுபடி மறுபடி பெட்ரோல் நிலையத்தில் காற்றடித்துக்கொண்டே இருப்போரும் உண்டு.

விபத்துகளில் பிறந்த சட்டம்

காற்றழுத்தத்தைக் கார் தானே கண்காணிப்பது 1980களிலேயே வந்துவிட்டது. 1986ல் ‘போர்ஷே 959’ காரில் அது இடம்பெற்றது. ஆனாலும், நீண்ட காலம் அது விலை உயர்ந்த கார்களுக்கான வசதியாகவே இருந்தது.

அதனை மாற்றியது அமெரிக்காவில் நடந்த விபத்துகள். ‘ஃபோர்டு எக்ஸ்புளோரர்’ வாகனங்களில் பொருத்தப்பட்டிருந்த ‘ஃபயர்ஸ்டோன்’ டயர்களின் மேற்பட்டை ஓடும்போதே கழன்று, வாகனங்கள் கவிழ்ந்தன. அந்த டயர்களுடன் தொடர்புடைய விபத்துகளில் அமெரிக்காவில் 270க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஏறத்தாழ 6.5 மில்லியன் டயர்களை நிறுவனம் மீட்டுக்கொண்டது. காற்றழுத்தம் குறைவாக இருந்தது, அதனால் டயர் சூடானது ஆகியவையும் அந்த விசாரணைகளில் பெரிதும் பேசப்பட்டன.

அதே ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்கா புதிய சட்டம் இயற்றியது. அதன் தொடர்ச்சியாக, 2007 செப்டம்பர் முதல் அங்கு தயாராகும் இலகு ரக வாகனங்கள் அனைத்திலும் இந்தக் கண்காணிப்பு முறை கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம். உலகச் சந்தைக்காகத் தயாரிக்கப்படும் கார்களையே நாமும் வாங்குவதால், சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் பல கார்களிலும் அந்த மஞ்சள் விளக்கு வந்து சேர்ந்துவிட்டது.

காற்று குறைந்த டயர் ஏன் ஆபத்து? காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக வளைந்து நிமிரும். அந்த வளைவு வெப்பத்தை உண்டாக்கும். விரைவுச்சாலை வேகத்தில், காரில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் இருக்கும்போது, வெப்பம் ஏறிக்கொண்டே போய் டயரின் உள் அடுக்குகள் பிரியத் தொடங்கும். வெடிப்பு அதற்குப் பிறகுதான்.

உங்கள் கார் எந்த வகை?

கண்காணிப்பு முறையில் இரண்டு வகை உண்டு. எது உங்கள் காரில் உள்ளது என்று தெரியாமல் கோளாற்றைத் தேட முடியாது.

முதலாவது, நேரடி முறை. ஒவ்வொரு ரிம்மின் உள்ளேயும், காற்றடிக்கும் வால்வுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சிறிய ஓர் உணர்கருவி இருக்கும். அது காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து, வானலை வழியாகக் காருக்கு அனுப்பும். ஒவ்வோர் உணர்கருவிக்கும் தனி அடையாள எண் உண்டு. பக்கத்தில் ஓடும் காரின் டயரைத் தன் டயர் என்று கார் நினைத்துவிடாமல் இருக்கவே அந்த எண்.

இரண்டாவது, மறைமுக முறை. இதில் சக்கரத்துக்குள் எதுவுமே இல்லை. சக்கரங்களின் சுழற்சி வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் பிரேக் உணர்கருவிகளையே கார் பயன்படுத்திக்கொள்கிறது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுச் சுருங்குவதால், அது மற்ற மூன்றையும்விடச் சிறிது வேகமாகச் சுழலும். அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுக் கார் எச்சரிக்கிறது.

கண்டறிய எளிய வழி: திரையில் நான்கு டயர்களுக்கும் தனித்தனியாக அழுத்த எண்கள் தெரிந்தால் அது நேரடி முறை. எண்களே இல்லாமல், பட்டியலில் ‘அளவை மறுசீரமை’ என்ற தெரிவோ ‘செட்’ என்ற பொத்தானோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் மறைமுக முறை. ஹோண்டா, மாஸ்டா, ஃபோக்ஸ்வாகன் நிறுவனங்களின் பல கார்களில் மறைமுக முறையைக் காணலாம். ஆனால், ஒரே நிறுவனத்தின் கார்களிலும் ஆண்டுக்கு ஆண்டு, சந்தைக்குச் சந்தை வேறுபாடு உண்டு. கையேட்டைப் பார்த்து உறுதிசெய்வதே நல்லது.

முதல் படி: குளிர்ந்த டயரில் அளவு

எந்த வகையானாலும் முதல் வேலை ஒன்றுதான். காற்றழுத்தத்தைச் சரியாக அளக்கவேண்டும். அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது. இரவு முழுவதும் வீவக பலமாடி கார் நிறுத்துமிடத்தில் நின்ற காரைக் காலையில் எடுத்து, அருகிலுள்ள பெட்ரோல் நிலையத்தில் அளப்பது சிறந்தது.

காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால், அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ உயரும். விரைவுச்சாலையில் ஓடி வந்த டயரில் இந்த உயர்வு 3, 4 பிஎஸ்ஐகூட இருக்கலாம். டயர் கடையில் சூடான டயரில் 33 என்று நிரப்பியிருந்தால், மறுநாள் காலையில் அது 30க்குக் கீழே இருப்பதில் வியப்பில்லை.

எவ்வளவு நிரப்பவேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அது நிரப்பவேண்டிய அளவன்று. 16 அங்குல ரிம்மிலிருந்து 17 அங்குலத்திற்கு மாறியிருந்தால், தாளில் அந்த அளவிற்கெனத் தனி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில இடங்களில் காற்றடிக்கும் கருவி கிலோபாஸ்கலில் காட்டும். 30 பிஎஸ்ஐ என்பது சுமார் 207 கிலோபாஸ்கல். 33 என்பது 228. 36 என்பது 248. ஜோகூரில் காற்றடிக்கும்போதும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

மறைமுக முறை: பொத்தானை எப்போது அழுத்துவது?

மறைமுக முறை உள்ள காரில் புதிய சக்கரம் மாட்டினால், அதன் சுற்றளவு பழையதிலிருந்து சற்று மாறுபடும். தேய்ந்த டயரும் புதிய டயரும்கூட ஒரே சுற்றளவு கொண்டவையல்ல. எனவே, ‘இதுதான் இனிச் சரியான அளவு’ என்று காருக்குச் சொல்லித்தரவேண்டும். அதற்குத்தான் அந்த மறுசீரமைப்பு.

இங்கு வரிசை முக்கியம். முதலில் காற்றைச் சரியாக நிரப்பவேண்டும். பிறகுதான் பொத்தானை அழுத்தவேண்டும். விளக்கை அணைக்கும் அவசரத்தில் காற்று குறைந்த நிலையிலேயே பொத்தானை அழுத்தினால், அந்தக் குறைந்த அளவையே சரியான அளவாகக் கார் மனத்தில் பதித்துக்கொள்ளும். விளக்கு அணைந்துவிடும். ஆபத்து அப்படியே இருக்கும்.

பொத்தானை அழுத்தியவுடன் வேலை முடிந்துவிடாது. கார் சிறிது தூரம் ஓடிக் கற்றுக்கொள்ளவேண்டும். ஹோண்டாவின் கையேடுகள், மணிக்கு 40 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் ஏறத்தாழ 30 நிமிடம் ஓட்டவேண்டும் என்கின்றன.

முன்புறம் ஓர் அளவு, பின்புறம் வேறோர் அளவு எனத் தயாரிப்பாளர் குறிப்பிடாத வகையில் டயர்களைக் கலந்து மாட்டினாலும், ஒரு டயர் மட்டும் மிகவும் தேய்ந்திருந்தாலும் மறைமுக முறை குழம்பும். மறுசீரமைத்த பிறகும் விளக்கு திரும்பத் திரும்ப வந்தால், நான்கு டயர்களின் அளவும் தேய்மானமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

நேரடி முறை: ஐந்து காரணங்கள்

நேரடி முறை உள்ள காரில் புதிய ரிம் மாட்டியபின் விளக்கு சிமிட்டினால், காரணம் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்று.

ஒன்று, உணர்கருவிகள் பழைய ரிம்மோடு போய்விட்டன. புதிய ரிம்மில் சாதாரண ரப்பர் வால்வு மட்டும் பொருத்தப்பட்டிருக்கிறது. பழைய ரிம்மை விற்றுவிட்டாலோ கடையிலேயே விட்டுவிட்டாலோ உணர்கருவிகளும் போயின.

இரண்டு, புதிய உணர்கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் அடையாள எண்கள் காரில் பதிவாகவில்லை. உணர்கருவிகள் பேசுகின்றன, கார்தான் அவற்றை அந்நியர் என்று ஒதுக்குகிறது.

மூன்று, அலைவரிசை பொருந்தவில்லை. உலகில் பெரும்பாலும் 315, 433 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் புழக்கத்தில் உள்ளன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறொரு காரிலிருந்து கழற்றிய பழைய ரிம்களை வாங்கும்போது இந்தச் சிக்கல் அதிகம். அலைவரிசை ஒத்திருந்தாலும், நிறுவனத்துக்கு நிறுவனம் தகவலை அனுப்பும் முறை வேறுபடலாம்.

நான்கு, டயரைக் கழற்றும்போது உணர்கருவி உடைந்துவிட்டது. டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து நெம்பும் இயந்திரத்தின் முனை வால்வின் பக்கமாக இறங்கினால் அது நொறுங்கிவிடும்.

ஐந்து, மின்கலன் தீர்ந்துவிட்டது. உணர்கருவியின் மின்கலன் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுவரை உழைக்கும். அது பிசினால் மூடப்பட்டிருப்பதால், பெரும்பாலானவற்றில் மின்கலனை மட்டும் மாற்ற முடியாது. முழு உணர்கருவியையும் மாற்றவேண்டும்.

எது காரணம் என்பதை ஓரளவு நாமே ஊகிக்கலாம். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு திரையில் நான்கு இடங்களிலும் எண்ணுக்குப் பதில் கோடு தெரிந்தால், முதல் மூன்று காரணங்களில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். மூன்றில் எண் தெரிந்து ஒன்றில் மட்டும் கோடு என்றால், அந்த ஒரு சக்கரத்தில் உணர்கருவி உடைந்திருக்கலாம் அல்லது மின்கலன் தீர்ந்திருக்கலாம்.

எண்கள் எல்லாம் தெரிந்தும் இடம் மாறிக் காட்டுவதும் உண்டு. டயர்களை முன்பின்னாக மாற்றிய பிறகு இது நடக்கும். சோதிக்க, முன் இடப்பக்க டயரில் 3 பிஎஸ்ஐ காற்றை இறக்கிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். திரையில் வேறு இடத்தில் எண் குறைந்தால், இடங்கள் மறுபதிவு செய்யப்படவில்லை. சோதனை முடிந்ததும் காற்றை மறக்காமல் நிரப்பிவிடுங்கள்.

பதிவு செய்யும் மூன்று வழிகள்

சில கார்கள் புதிய உணர்கருவிகளைத் தாமாகவே கற்றுக்கொள்ளும். 10 முதல் 30 நிமிடம் தொடர்ந்து ஓட்டினாலே போதும். நின்றிருக்கும் காரில் உணர்கருவிகள் உறங்கும்; சக்கரம் சுழன்றால்தான் விழித்து அடிக்கடி தகவல் அனுப்பும். எனவே, கடை வாசலிலேயே எண்கள் தெரியவில்லை என்று பதற வேண்டியதில்லை.

பெட்டிர் சாலையிலும் ஃபஜார் சாலையிலும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று செல்வதைவிட, விரைவுச்சாலை ஓட்டம் இதற்கு உகந்தது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏறி, மண்டாய் சாலையில் இறங்கித் திரும்பலாம். கிராஞ்சி விரைவுச்சாலையும் பக்கத்திலேயே இருக்கிறது. உட்லண்ட்ஸ் பக்கம் போகும்போது வழி தவறிச் சோதனைச்சாவடித் தடத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வேறு சில கார்களில் காரை ‘கற்கும்’ நிலைக்குக் கொண்டுவந்து, ஒரு கைக்கருவியை ஒவ்வொரு வால்வின் அருகிலும் வரிசையாகப் பிடித்து உணர்கருவியை எழுப்பவேண்டும்.

மூன்றாவது வகையில், அடையாள எண்களைப் படித்து, ஸ்டியரிங்கின் கீழேயுள்ள ஓபிடி இணைப்பு வழியாகக் காரின் கணினியில் எழுதவேண்டும். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு இது தேவைப்படும். அக்கார்களில் இருக்கும் ‘செட்’ பொத்தான் அழுத்த அளவை மட்டுமே பதிக்கும்; புதிய உணர்கருவிகளைப் பதியாது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு அணையாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இதற்குச் சுற்றுவழி ஒன்றும் உண்டு. பழைய உணர்கருவிகள் வேலை செய்யும் நிலையில் இருந்தால், அவற்றின் அடையாள எண்களைப் புதியவற்றில் நகலெடுக்கலாம். காருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. ஆகவே, பழைய சக்கரங்களைக் கழற்றும் முன்பே அவற்றின் எண்களைப் படித்து வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். பதிவு நடக்கும்போது பழைய சக்கரங்களைக் காருக்குள் வைத்திருக்க வேண்டாம்.

சிஓஇ புதுப்பிப்போர் கவனத்திற்கு

சிங்கப்பூரில் ஒரு காரின் வாகன உரிமைச் சான்றிதழ், அதாவது சிஓஇ, 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். உணர்கருவியின் மின்கலனும் ஏறக்குறைய அந்தக் காலத்திற்குள் ஓய்ந்துவிடும். சான்றிதழை 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்து அதே காரை ஓட்டுவோருக்கு இந்தச் செலவு வந்தே தீரும்.

நான்கு உணர்கருவிகளும் ஒரே நாளில் பொருத்தப்பட்டவை என்பதால், ஒன்று ஓய்ந்தால் மற்றவையும் அடுத்தடுத்து ஓயும். ஒவ்வொன்றாக மாற்றினால், ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டக் கூலி. டயர் மாற்றும்போதே நான்கையும் சேர்த்து மாற்றிவிட்டால் அந்தக் கூலி மிச்சம். கார் எட்டு ஆண்டைக் கடந்திருந்தால், டயர் மாற்றுமுன் மின்கலன்களின் நிலையைச் சோதிக்கச் சொல்லலாம். பல கைக்கருவிகளால் அதைப் படிக்க முடியும்.

கடையில் கேட்கவேண்டியவை

புக்கிட் பாத்தோக், சுங்கை காடுட், சின் மிங் என எங்கு சென்றாலும், ஜோகூர் பாருவில் மாற்றினாலும், வேலை தொடங்கும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

என் காரில் உள்ளது நேரடி முறையா, மறைமுக முறையா? பழைய உணர்கருவிகளைப் புதிய ரிம்முக்கு மாற்றித் தருவீர்களா? புதிய ரிம்மின் வால்வுத் துளையில் அவை பொருந்துமா? வால்வின் ரப்பர் வளையம், உள்ஊசி, மூடி ஆகியவற்றைப் புதிதாகப் போடுவீர்களா? பதிவு செய்யும் கருவி உங்களிடம் இருக்கிறதா? அதற்குத் தனிக் கட்டணமா?

அலுமினிய வால்வில் சாதாரணப் பித்தளை உள்ஊசியைப் போட்டால், ஈரத்தில் இரண்டும் வினைபுரிந்து அரித்து இறுகிவிடும். அதற்கெனவே நிக்கல் பூசிய உள்ஊசி இருக்கிறது. சிறு பொருள்தான், ஆனால் அது இறுகிப்போனால், காற்றடிக்கப் போய் வால்வே உடைந்துவிடக்கூடும்.

ஜோகூரில் மாற்றுவோர், கடற்பாலம் கடக்கும் முன்பே அங்கேயே இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. விளக்கு சிமிட்டினால் உடனே கடைக்குத் திரும்பலாம். வீடு வந்து சேர்ந்த பிறகு தெரிந்தால், மீண்டும் ஒரு நாள் சோதனைச்சாவடி நெரிசலில் நிற்கவேண்டும்.

செய்யக்கூடாதவை

விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டுவது, கணினியில் அந்த முறையையே முடக்கிவிடுவது, நான்கு உணர்கருவிகளையும் காற்றடைத்த ஒரு குழாய்க்குள் வைத்து மூடிக் காரின் பின்பெட்டியில் போட்டு ஏமாற்றுவது போன்ற வழிகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். குழாய்க்குள் இருக்கும் காற்று எப்போதும் சரியாகத்தான் இருக்கும். டயரில் இருக்கும் காற்றைப் பற்றிக் காருக்கு எதுவுமே தெரியாது. அந்தக் காரை அடுத்து வாங்குபவருக்கும் தெரியாது.

பஞ்சருக்கு ஊற்றும் பசைத் திரவமும் உணர்கருவியின் நுண்துளையை அடைத்துவிடக்கூடும். அவசரத்துக்கு ஊற்றினால், டயரைப் பழுதுபார்ப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ரிம் மாற்றும்போது சட்டத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். புதிய சக்கரம் காரின் மட்காடுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கவேண்டும். 3 ஆண்டைக் கடந்த கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டைக் கடந்தவை ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும்.

விளக்கை மட்டும் நம்பலாமா?

கூடாது. அமெரிக்க விதிமுறைப்படி, பரிந்துரைக்கப்பட்ட அளவிலிருந்து 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரிந்தாகவேண்டும். 33 பிஎஸ்ஐ தேவைப்படும் டயர் ஏறக்குறைய 25க்கு இறங்கும்வரை விளக்கு எரியாமல் இருக்கலாம். 27ல் ஓடும் டயர் தேய்ந்துகொண்டும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டும் இருக்கும். விளக்கு அமைதியாக இருக்கும்.

ஆகவே, மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்பும் கையால் அளந்துவிடுங்கள். மலேசியா செல்லும்போது பெட்ரோல் கலன் முக்கால் பங்கு நிறைந்திருக்கிறதா என்று எப்படியும் பார்க்கிறோம். அதே நிலையத்தில் இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் நான்கு டயர்களையும் பார்த்துவிடலாம். கூடுதல் டயர் இருந்தால் அதையும் பாருங்கள். பல கார்களில் அதற்கு உணர்கருவி இருக்காது.

ஓட்டும்போது விளக்கு திடீரென எரிந்தால், சடாரென்று பிரேக் போடாமல் மெல்ல வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் நின்றுவிட்ட வாகனங்களை, அருகில் இதற்கென ஒதுக்கப்பட்ட கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துச் செல்லும் சேவையை நிலப் போக்குவரத்து ஆணையம் இலவசமாக வழங்குகிறது. சாலை ஓரத்தில் நின்று நீங்களே டயர் மாற்ற முயல்வதைவிட, தடுப்புக்கு அப்பால் குடும்பத்தினரை நிறுத்திவிட்டு உதவிக்குக் காத்திருப்பதே பாதுகாப்பு.